புதுப்பிப்பு (ஆகஸ்ட் 2025): இங்கிலாந்து கால்பந்து அணி ஆர்சனல் 2025-26, பலமும் ஓட்டையும்

ஜூனில் எழுதியதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்: நடுத் தற்காப்பு நம் பெரிய பலம், சென்டர் ஃபார்வர்டு (முன்னால் நடுவில் நின்று கோல் அடிப்பவர்) இடம் பெரிய ஓட்டை.

முதலில் சொன்னதில் மாற்றமில்லை. தற்காப்பில் சலிபா, கேப்ரியல், பின்னால் கோல்கீப்பர் ராயா. போன சீசனில் 38 ஆட்டங்களில் வாங்கியது 34 கோல்தான், லீக்கிலேயே குறைவு.

இரண்டாவதை மாற்றி எழுத வேண்டும். முன்னால் ஆடும் ஹாவெர்ட்ஸ், ஜேசுஸ் இருவரும் காயத்தில் விழுந்ததும் போன சீசன் லெஸ்டர் அணியுடனான ஆட்டத்தில் என்ன நடந்தது? மிட்ஃபீல்டர் மெரினோவை முன்னால் அனுப்பினோம், 81, 87வது நிமிடங்களில் கோல் அடித்து அவர்தான் காப்பாற்றினார். சந்தோஷப்பட்டேன், ஆனால் வயிற்றைக் கலக்கியது. ஒரு சீசனில் 14 டிரா சும்மா வராது. இப்போது சென்டர் ஃபார்வர்டு யோக்கெரஸ் வந்துவிட்டார், போர்ச்சுகலின் ஸ்போர்ட்டிங் அணிக்காகப் போன சீசன் லீக்கில் 39 கோல். அத்லெட்டிக் பில்பாவோவுக்கு எதிரான நட்பு ஆட்டத்தில் சுபிமெண்டி தூக்கிக் கொடுத்த பந்துக்கு அவர் பாய்ந்து தலையால் முட்டினார் பாருங்கள், அந்த இடத்தில் ஆளில்லாமல்தானே இத்தனை நாள் தவித்தோம்!

அதனால் ஓட்டை இப்போது இடது விங்குக்கு (மைதானத்தின் இடது ஓரத் தாக்குதல் இடம்) நகர்ந்திருக்கிறது. அங்கே ஆடும் இருவரில் மார்டினெல்லிக்கு ஓட இடம் வேண்டும். தன் கோல் முன் பெட்டிக்குள் பத்துப் பேரை நிறுத்தும் அணியிடம் அது கிடைக்காது. ட்ரோஸார்ட் நெருக்கத்தில் நன்றாக ஆடுவார், ஆனால் மார்டினெல்லியின் வேகம் கிடையாது. வலப்பக்கம் சாகா இருப்பதால் எதிரணி அங்கேதான் இரண்டு பேரை வைக்கும். இடதில் ஆளைத் தாண்டிப் போகிற ஒருவர் அவசியம்.

ஆகஸ்ட் 17ஆம் தேதி ஓல்டு டிராஃபோர்டில் மான்செஸ்டர் யுனைடெட்டுடன் ஆட்டம். மார்டினெல்லியையே இறக்குவார்கள் என்று நினைக்கிறேன்.