டோவ்ரெ மலையில் கஸ்தூரி எருதுகள்

குளிர்நாட்டு விலங்குகளை நேரில் பார்த்த அனுபவத்தை எழுதும் இந்த இழையில் பனிக்கரடி பார்த்தவர்கள் எழுதிவிட்டீர்கள், என் பங்குக்கு நார்வேயின் கஸ்தூரி எருது, அதாவது கடும்குளிரில் வாழும் நீண்ட முடி கொண்ட விலங்கு. செப்டம்பரில் ஒஸ்லோவிலிருந்து ரயிலில் போய் கோங்ஸ்வோல் என்ற சின்ன நிலையத்தில் இறங்கி, வழிகாட்டியோடு டோவ்ரெ மலையில் ஏறினோம். குட்டையான பிர்ச் புதர்கள் சிவந்துகிடந்தன, அவற்றுக்கு நடுவே பாறை என்று நினைத்தது எழுந்து நின்றது! பைனாகுலரில் பார்த்தால், நடுவகிடு எடுத்து வாரிய மாதிரி நெற்றியை மூடி இருபக்கமும் வழிந்து, நுனியில் மேலே வளைகிற கொம்பு. முடி கிட்டத்தட்ட குளம்பு வரை தொங்குகிறது.

அங்கே 200 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்று அறிவுறுத்துகிறார்கள். வேறு குழுவில் வந்த ஒருவர் கைபேசியைத் தூக்கிக்கொண்டு கிட்டே போனார். கன்றுகள் நடுவில் போய்விட, பெரியவை தோளோடு தோள் ஒட்டி எங்களைப் பார்த்து நின்றன, ஒரு காளை தலையைத் தாழ்த்தி முன்னங்காலில் முகத்தைத் தேய்த்தது. அதுதான் எச்சரிக்கை என்று சொல்லி வழிகாட்டி அவரை உடனே பின்னால் வரச்சொல்லிவிட்டார். 300 கிலோவுக்கு மேல் எடை, ஓடினால் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகம், நாம் எங்கே தப்பிப்பது?

ஓநாய்க்கு எதிராக, கன்றுகளைச் சுற்றி நிற்கும் இந்த வளையம் நன்றாகவே வேலை செய்யும், ஆனால் துப்பாக்கிக்கு முன்னால் அப்படியே நின்று செத்திருக்கின்றன. டோவ்ரெயில் 1932-இல் கிரீன்லாந்திலிருந்து கொண்டுவந்து விட்டவை இரண்டாம் உலகப்போரில் அழிந்தன, இப்போது இருப்பவை 1947 முதல் மறுபடி கொண்டுவந்தவற்றின் வம்சம். இரண்டு தடவை கொண்டுவந்து காப்பாற்றிய கூட்டத்தை ஒரு படத்துக்காக விரட்டுவதைப் பார்த்தபோது கோபம்தான் வந்தது.

—

அக்கா, உங்கள் பதிவைப் படித்தேன். நான் நார்வேயின் டிரோண்ட்ஹெய்ம் நகரில் இருக்கிறேன், டோவ்ரெ மலைக்கு ஜூலையில் போனேன். உருகாமல் மிச்சமிருந்த ஒரு பனித்திட்டில் ஏறி எருதுகள் எல்லாம் படுத்திருந்தன, வெயில் அவற்றுக்கு ஆகவே ஆகாது. 2006-இல் வெப்பமும் ஈரமுமான கோடையில் நிமோனியா வந்து நிறைய செத்தன. புதரில் சிக்கியிருந்த உள்மயிரைத் தொட்டுப் பார்த்தேன், ஆட்டுக் கம்பளியைவிட அவ்வளவு மெலிசு, விரலில் சுற்றியதும் சூடு தெரிந்தது. அப்புறம், குளிர்காலத்தில் போக நினைப்பவர்கள் 200 மீட்டரைவிட இன்னும் தள்ளியே நில்லுங்கள். அப்போது தீனி குறைவு, உடம்புக் கொழுப்பை வைத்துத்தான் வசந்தம் வரை ஓட்ட வேண்டும், நாம் கிட்டே போய் ஓடவிட்டால் அது வீணாகக் கரையும்.