புதுப்பிப்பு: கீழக்கரை யெஸ்டியின் இரைச்சல் அடங்கியது

கீழக்கரையில் வாங்கிய பழைய யெஸ்டி 250 மோட்டார் சைக்கிள், ஆக்சிலரேட்டரைத் திருகாமலே இரைந்து சூடாகிறது என்றும், கார்புரேட்டர்தான் காரணம் என்றும் முன்பு அடித்து எழுதியிருந்தேன். அது என் தவறு. டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் பெட்ரோல் கலவை, எஞ்சினின் அடியில் உள்ள கிராங்க் அறை வழியாகவே சிலிண்டருக்கு ஏறுவதால், டைனமோ பக்கத்து ஆயில் சீல் (அந்த அறையை அடைக்கும் ரப்பர் வளையம்) காய்ந்து வெடித்திருந்த இடுக்கில் வெளிக்காற்று புகுந்து, கலவையில் பெட்ரோலின் அளவைக் குறைத்திருக்கிறது. மண்டபத்து மெக்கானிக் அண்ணன் சீலை மாற்றியதும் இரைச்சல் அடங்கியது.

உப்புக்காற்று அரித்த இரண்டு சைலன்சர்களையும் மீட்க முடியவில்லை. யெஸ்டியைத் தயாரித்த மைசூர் ஐடியல் ஜாவா ஆலை 1996-இல் மூடப்பட்டுவிட்டதால் அசல் உதிரிபாகங்கள் அரிது. மதுரையில் கிடைத்த நகலையே, மனமின்றித்தான், பொருத்தினேன். கிக்கரே கியர் லிவராகவும் மடங்குவது பழக இன்னும் நாளாகும். நேற்று பாம்பன் வரை ஓட்டினேன், எஞ்சின் சூடாகவில்லை.