கியர் மாற எவ்வளவு நேரம் ஆகிறது? மேனுவலையும் ஏஎம்டியையும் நாமே அளந்து பார்க்க வழி உண்டா?

வேளிமலை_ஓரம் எழுதியது:

தக்கலையில் இருந்து எழுதுகிறேன். என்னிடம் இருப்பது ஐந்து கியர் பெட்ரோல் மேனுவல். அதே மாடலில், அதே இன்ஜினோடு ஏஎம்டி வண்டி ஒன்றை, அதாவது கிளட்சையும் கியரையும் தானே மாற்றிக்கொள்ளும் வண்டியை, மச்சான் புதிதாக எடுத்திருக்கிறார். அதிலிருந்து வீட்டில் எப்போது பார்த்தாலும் ஒரே வாக்குவாதம். "நீ கிளட்சை மிதித்து லீவரைத் தள்ளி காலை எடுப்பதற்குள் என் வண்டி கியர் மாற்றிப் போய்க்கொண்டிருக்கும்" என்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் வண்டியில் உட்கார்ந்தால் ஒவ்வொரு கியருக்கும் தலை முன்னால் போய் வருகிறது, அந்த இடைவெளி என் வண்டியை விட நீளமாகத்தான் படுகிறது. ஆனால் "படுகிறது" என்று சொன்னால் மச்சான் ஒத்துக்கொள்வாரா?

அதனால் எண்ணாக வேண்டும். ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்ப்பதில் அர்த்தமில்லை, கட்டை விரல் அழுத்தும் நேரமே கியர் மாறும் நேரம் அளவுக்கு இருக்கிறது. வண்டியின் கம்ப்யூட்டர் எண்களைப் படிக்க ஓபிடி போர்ட்டில் மாட்டும் புளூடூத் கருவி ஒன்று கையில் இருக்கிறது, நல்ல மொபைல் இருக்கிறது. இதை வைத்து நம்பும்படியாக அளக்க முடியுமா? இன்னொன்று, டிசிடி என்கிற இரட்டை கிளட்ச் வண்டிகள் 8 மில்லி செகண்டில் கியர் மாற்றும் என்று நெட்டில் எல்லாரும் எழுதுகிறார்களே, அது எப்படி அளந்த எண்?

வடசேரி_ஒர்க்‌ஷாப் எழுதியது:

தம்பி, கருவியை விடு, எங்கிருந்து எங்கே வரை அளக்கப் போகிறாய் என்பதை முதலில் சொல். கிளட்சில் கால் பட்டதிலிருந்தா? லீவர் நகர்ந்ததிலிருந்தா? சக்கரத்துக்கு இழுவை நின்றதிலிருந்து மறுபடி வந்தது வரையா? மூன்றும் மூன்று கணக்கு. உன் மச்சான் ஒன்றைச் சொல்வார், நீ வேறொன்றைச் சொல்வாய், கடைசி வரை சண்டை தீராது.

மேனுவலில் நடப்பதைப் பார். இரண்டாவது கியரில் இழுத்துக்கொண்டு போகிறாய், மூன்றாவதுக்கு மாற்ற வேண்டும். கிளட்சை மிதித்ததும் இன்ஜின் தனியாகிவிடும், ஆனால் கியர்பாக்ஸ் உள்ளே போகும் ஷாஃப்ட் இன்னும் பழைய வேகத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். மூன்றாவது கியர் பிடிக்க வேண்டுமென்றால் அந்த ஷாஃப்ட்டின் வேகம் குறைய வேண்டும். அதைக் குறைப்பதுதான் சிங்க்ரனைசர் ரிங்கின் வேலை, கூம்பில் உரசி உரசி இரண்டு பக்க வேகத்தையும் ஒன்றாக்கினால்தான் கியரைப் பூட்டும் ஸ்லீவ் உள்ளே போகும். லீவர் நடுவில் ஒரு கணம் முட்டி நின்று பிறகு வழுக்கிக்கொண்டு போகிற மாதிரி கைக்குத் தெரியும் இல்லையா, அது இதுதான். தட்டித் தள்ளினால் சீக்கிரம் போகும், ரிங்கும் சீக்கிரம் தேயும். அதனால் மச்சானை ஜெயிக்க வேண்டும் என்று லீவரை அடிக்காதே, கியர்பாக்ஸ் இறக்குகிற கூலி உனக்குத்தான் வரும்.

ஏஎம்டியில் பெட்டி அதே மேனுவல் பெட்டிதான், சிங்க்ரனைசரும் அதேதான். 2014இல் செலேரியோவில் வந்தபோதே அப்படித்தான், மேக்னட்டி மாரெல்லி கொடுத்த ஆக்சுவேட்டரும் கம்ப்யூட்டரும் சேர்ந்து உன் இடது காலும் இடது கையும் செய்கிற வேலையைச் செய்தன. ஆக அங்கேயும் இழுவை நிற்கத்தான் செய்யும். எவ்வளவு நேரம் நிற்கும் என்பது கம்ப்யூட்டர் எழுதியவன் கையில் இருக்கிறது. ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தால் கிளட்சை மெதுவாக விடும், அழுத்தி மிதித்தால் சட்டென்று விடும். இரண்டு வண்டியையும் ஒரே மிதியில், ஒரே ஆர்பிஎம்மில் (இன்ஜின் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கை) பார்க்காவிட்டால் ஒப்பிட்டதாகவே கணக்கில்லை.

குலசேகரம்_பேரன் எழுதியது:

வடசேரி அண்ணன் சொன்னதுதான் அடிப்படை. நான் சென்சார் பக்கம் வேலை பார்க்கிறவன், அளக்கும் வழியை மட்டும் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

ஓபிடி கருவியை இதற்கு நம்ப வேண்டாம். விலை குறைந்த புளூடூத் கருவியில் ஆர்பிஎம் எண் ஒரு செகண்டுக்கு ஐந்து, பத்து முறைதான் வரும், ஆப் ஒரே நேரத்தில் வேகம், வெப்பம் என்று நாலைந்து விஷயங்களைக் கேட்டால் அதுவும் குறையும். நீங்கள் அளக்கப் போவது அரை செகண்டைச் சுற்றியுள்ள ஒரு நிகழ்வு. அதற்குள் இரண்டு மூன்று புள்ளிகள் விழுந்தால் அதில் தொடக்கம் எது, முடிவு எது என்று யார் சொல்வது? எந்த கியரில், எந்த ஆர்பிஎம்மில் மாற்றினீர்கள் என்று பதிவு செய்ய மட்டும் அதை வைத்துக்கொள்ளலாம்.

மொபைலில் உள்ள, முடுக்கத்தை அளக்கும் ஆக்சிலரோமீட்டர் போதும். ஃபைஃபாக்ஸ் என்ற இலவச ஆப் இருக்கிறது, ஜெர்மனியின் ஆஹன் பல்கலைக்கழகத்தில் செய்தது. அதில் முடுக்கத்தைப் பதிவு செய்தால் செகண்டுக்கு நூறு புள்ளிக்கு மேல் பெரும்பாலான மொபைலில் கிடைக்கும், அதாவது 10 மில்லி செகண்டுக்கு ஒன்று. புவியீர்ப்பு கழித்த அளவு, கழிக்காத அளவு என்று இரண்டு இருக்கும். கழிக்காததை எடுங்கள். கழித்ததில் மொபைல் உள்ளே கணக்குப் போட்டு வடிகட்டித் தருகிறது, திடீரென்று விழும் கோட்டின் முனை மழுங்கிவிடும். டாஷ்போர்டு ஸ்டாண்டில் மாட்டாதீர்கள், அது தனியாக ஆடும். முன்சீட் இரண்டுக்கும் நடுவில், ஹேண்ட்பிரேக் பக்கத்துத் தட்டையான இடத்தில் இரட்டைப் பக்க டேப்பால் ஒட்டி, மொபைலின் நீளம் வண்டி போகும் திசையைப் பார்க்கும்படி வையுங்கள்.

கோடு எப்படி வரும் என்றால், இரண்டாவதில் இழுக்கும்போது மேலே ஒரு மட்டத்தில் ஓடும், கிளட்ச் மிதித்ததும் சடாரென்று பூஜ்யத்துக்குக் கீழே இறங்கும், அங்கே கொஞ்சம் தங்கும், மூன்றாவது பிடித்ததும் மறுபடி ஏறும். இறங்கத் தொடங்கிய இடத்திலிருந்து புது மட்டத்துக்கு ஏறி நின்ற இடம் வரைதான் இழுவை இல்லாத நேரம். ஏறும் இடத்தில் ஒரு குதி வந்து பிறகு அடங்கினால், கிளட்சை விட்டபோது ஆர்பிஎம் பொருந்தவில்லை என்று அர்த்தம். உங்கள் தலை முன்னால் போய் வருகிற விஷயமும் இந்தக் கோட்டிலேயே படமாக வந்துவிடும், மச்சானிடம் தனியாக வாதாட வேண்டாம்.

சரிபார்க்க இரண்டாவது ஒரு வழி, சத்தம். நான்கு சிலிண்டர் இன்ஜினில் ஆர்பிஎம்மை 30ஆல் வகுத்தால் வெடிப்பின் அதிர்வெண் கிடைக்கும், மூன்று சிலிண்டர் என்றால் 40ஆல். 3000 ஆர்பிஎம்மில் மூன்று சிலிண்டர் வண்டி 75 ஹெர்ட்ஸ். மூன்றாவது கியரில் 2000க்கு வந்து நின்றால் 50 ஹெர்ட்ஸ். ஒலிப்பதிவை ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் ஸ்பெக்ட்ரோகிராமாக, அதாவது நேரத்தோடு அதிர்வெண் மாறுவதைக் காட்டும் படமாகப் பார்த்தால் ஒரு கோடு ஏறிக்கொண்டே வந்து, சரிந்து, கீழே ஓரிடத்திலிருந்து மறுபடி ஏறும். மொபைல் மைக்குக்கு அவ்வளவு தாழ்ந்த ஒலி சரியாகக் கேட்காது, கவலை வேண்டாம், அதன் மடங்குகள் மேலே கோடு கோடாகத் தெரியும், அவையும் கூடவே சரியும்.

கால் எப்போது அசைந்தது என்றும் தெரிய வேண்டுமா? இன்னொரு மொபைலில் பெடலை 240 பிரேம் ஸ்லோமோஷனில் எடுங்கள், ஒரு பிரேம் நான்கு மில்லி செகண்டுக்குச் சற்று மேல். இரண்டு பதிவுகளும் ஒன்றோடொன்று பொருந்த, ஓட ஆரம்பிக்கும் முன் பெடலை எடுக்கும் கேமராவுக்குத் தெரியும்படி ஒட்டிய மொபைல் மேல் விரலால் ஓங்கி ஒரு தட்டு. வீடியோவிலும் தெரியும், முடுக்கக் கோட்டிலும் ஊசி போல நிற்கும்.

டிசிடி கேள்விக்கு: அதில் இரண்டு கிளட்ச், ஒற்றைப்படை கியர் ஒரு ஷாஃப்டில், இரட்டைப்படை இன்னொன்றில். நீங்கள் இரண்டாவதில் போகும்போதே மூன்றாவது உள்ளே மாட்டித் தயாராக இருக்கும். 2003இல் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஆர்32 காரில் வந்ததும் இந்த ஏற்பாடுதான். அந்த 8 மில்லி செகண்ட் ஒரு கிளட்ச் விட்டு மற்றது பிடிக்கிற கைமாற்றத்தின் எண், நீங்கள் ஸ்டீயரிங் பக்கத்து கியர் பேடிலைத் தட்டியதிலிருந்து கணக்கிட்டது இல்லை. மேல் கியரைத் தயாராக வைத்துக்கொண்டு அது காத்திருக்கும்போது நீங்கள் ஓவர்டேக்குக்காகத் திடீரென்று அமுக்கினால், கீழ் கியரைத் தேடி மாட்ட வேண்டும், அப்போது அந்த எண்ணுக்கும் உங்கள் அனுபவத்துக்கும் சம்பந்தமே இருக்காது.

பழைய_ஜீப் எழுதியது:

இதெல்லாம் படிக்க நன்றாகத்தான் இருக்கிறது பிள்ளைகளே. சிங்க்ரோ இல்லாத பெட்டியில் ஒரு கியருக்கு இரண்டு முறை மிதிக்கிற டபுள் கிளட்ச் போட்டு ரப்பர் எஸ்டேட் மேட்டில் ஏறினவன் நான், எங்களுக்கு கியர் மாற ஒரு வெற்றிலை போடுகிற நேரம் ஆகும், யாரும் அளக்கவில்லை.

ஆனால் ஒன்று சொல்லுகிறேன், சமதளத்தில் அளந்து என்ன பிரயோசனம்? மேட்டில் அளந்து பார், அப்போது தெரியும் எது வண்டி என்று.

குலசேகரம்_பேரன் எழுதியது:

பெரியவர் சொல்வதில் கணக்கு இருக்கிறது. நூறு மீட்டருக்கு எட்டு மீட்டர் ஏறும் மேடு என்று வையுங்கள். கிளட்ச் மிதித்திருக்கும் ஒவ்வொரு செகண்டுக்கும் புவியீர்ப்பு மட்டுமே மணிக்கு 2.8 கிலோமீட்டர் வேகத்தைப் பிடுங்கிக்கொள்ளும், டயர் உராய்வும் காற்றும் தனி. பேச்சிப்பாறை பக்கம் முப்பதில் ஏறிக்கொண்டிருக்கும் வண்டிக்கு அது சின்ன இழப்பு இல்லை. மேல் கியருக்கு மாறுவதற்குள் வேகம் விழுந்து, அந்த கியர் தாங்காமல் ஏஎம்டி மறுபடி கீழே வந்து, திரும்ப மேலே போய் என்று அல்லாடுவது இதனால்தான். மேட்டில் மேனுவல் மோடில் போட்டுக்கொண்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

டார்க் கன்வெர்ட்டர் ஆட்டோமேட்டிக்கில் (இன்ஜின் இழுவை எண்ணெய் வழியாகப் பெட்டிக்குப் போகும் வகை) ஒரு கிளட்ச் அடுக்கின் அழுத்தம் குறைய மற்றது ஏறும், இழுவை முழுசாக நிற்காது, முடுக்கக் கோட்டில் சின்னப் பள்ளம்தான் விழும். அங்கே சத்தத்தை வைத்து ஆர்பிஎம் எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்று பார்ப்பதே சரி. சிவிடியில், அதாவது பெல்ட்டும் புல்லியும் வைத்து விகிதத்தைத் தொடர்ச்சியாக மாற்றும் பெட்டியில், படிப்படியான கியரே இல்லை, அளக்க ஒன்றுமில்லை. எங்கள் ஊரில் விளைகிற ரப்பரை இழுத்து விட்ட மாதிரி இன்ஜின் முதலில் கத்தும், வண்டி பின்னால் வரும். அந்தத் தாமதத்தை வேண்டுமானால் அளக்கலாம்.

முப்பந்தல்_காற்று எழுதியது:

எங்கே அளப்பது என்று யாரும் சொல்லவில்லையே. தக்கலை மார்த்தாண்டம் ரோட்டில் மூன்றாவது கியர் விழுவதே அபூர்வம், அங்கே போய் நிற்காதீர்கள். ஆரல்வாய்மொழி தாண்டி முப்பந்தல் பக்கம் அதிகாலையில் ஓரளவு ஒழிந்திருக்கும். ஆனால் ஜூன் முதல் செப்டம்பர் வரை கணவாய் வழியாக அடிக்கிற காற்று சும்மா இல்லை, அவ்வளவு காற்றாலையை அங்கே கொண்டுவந்து நட்டது அதற்குத்தான். நாகர்கோவிலில் இருந்து காவல்கிணறு போகும்போது காற்று முதுகைத் தள்ளும், திரும்பும்போது முகத்தில் அடிக்கும். ஒரு வண்டியைப் போகும்போதும் இன்னொன்றை வரும்போதும் அளந்தால் பள்ளத்தின் ஆழம் மாறிவிடும். இரண்டையும் ஒரே திசையில், ஒரே ஆள் எடையோடு ஓட்டுங்கள். பதிவை ஆரம்பிப்பது, நிறுத்துவது எல்லாம் பக்கத்து சீட்டில் இருப்பவர் வேலை, ஓட்டுபவர் மொபைலைப் பார்க்கவே கூடாது. அறுபதில் போகும் வண்டி ஒரு செகண்டில் கிட்டத்தட்ட 17 மீட்டர் போய்விடும், ஞாபகம் இருக்கட்டும்.

வேளிமலை_ஓரம் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. ஞாயிறு விடியலில் மச்சானையும் கூட்டிக்கொண்டு போய் அளந்தாயிற்று. அவர் வண்டியை அவர், என் வண்டியை நான், ஒரே திசை, இரண்டிலிருந்து மூன்றுக்கு, 3000 வாக்கில்.

அவசரமில்லாமல் ஓட்டினால் என் இடைவெளி ஒரு செகண்டை ஒட்டி வருகிறது, மச்சான் வண்டியிலும் ஏறத்தாழ அதேதான், கொஞ்சம் கூட. அமுக்கி ஓட்டினால் நான் அரை செகண்டுக்குக் கொஞ்சம் மேலே வரை இறங்குகிறேன், ஆனால் ஒருமுறை போல இன்னொரு முறை வரவில்லை, கோடு கண்டபடி இருக்கிறது. ஏஎம்டி கோடுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் ஒரே கோடாக ஒட்டிக்கொள்கிறது. அதைப் பார்த்ததும் மச்சானுக்கு வாயெல்லாம் பல். கியர் மாறும் நேரத்தில் ஆக்சிலரேட்டரைத் துளி விட்டுக் கொடுத்தால் அவர் வண்டியில் பள்ளத்துக்குப் பின் வரும் குதியும் காணாமல் போகிறது, தலை ஆடவில்லை.

நாற்பதில் போகும்போது திடீரென்று முழுசாக மிதித்துப் பார்த்தோம். கால் தரையைத் தொட்டதிலிருந்து இழுவை வருவதற்கு அவர் வண்டி எடுத்த நேரம் அது கியர் ஏற்றும் நேரத்தை விட நன்றாகவே கூட. நான் முன்கூட்டியே கீழ் கியரில் காத்திருந்ததால் என் வண்டியில் அப்படி ஒன்று இல்லவே இல்லை. இதை மச்சான் கள்ள ஆட்டம் என்கிறார்.

வடசேரி_ஒர்க்‌ஷாப் எழுதியது:

கள்ள ஆட்டமில்லை தம்பி, மேனுவல் எடுப்பதே அதற்குத்தானே, முன்னால் போகும் பஸ்ஸை உன் கண் பார்க்கிறது, கம்ப்யூட்டர் பார்ப்பதில்லை. மச்சானிடம் சொல், ஓவர்டேக்குக்கு முன்னால் லீவரை மேனுவல் பக்கம் தள்ளி ஒரு கியர் இறக்கி வைத்துக்கொண்டு பிறகு அமுக்கச் சொல். அப்படி ஒருமுறை அளந்து போடுங்கள், அதைப் பார்க்க எனக்கும் ஆசைதான்.