மோட்டார் ரூமில் தேன்கூடு, கம்பியில் பஞ்சுருட்டான்: இரண்டையும் வைத்துக்கொள்ள வழி உண்டா?

கிளுவைவேலி கேட்டது:

வணக்கமுங்க. காங்கயத்துக்கும் வெள்ளகோவிலுக்கும் நடுவில் எங்கள் தோட்டம். வாரத்தில் ஆறு நாள் திருப்பூரில் பனியன் கம்பெனியில் கணக்கு வேலை. சனிக்கிழமை ராத்திரி பஸ் பிடித்து ஊருக்கு வந்துவிடுவேன், ஞாயிறு விடிந்ததும் கேமராவை எடுத்துக்கொண்டு கொறங்காட்டுக்குள் (வேலி போட்ட மேய்ச்சல் நிலம்) போனால் சாளைக்கு, அதாவது தோட்டத்து வீட்டுக்கு, திரும்ப பத்து மணி ஆகிவிடும். நாலு வருடமாக இதுதான் பழக்கம். அதிலும் மாசி கடைசியிலிருந்து சித்திரை வரைக்கும் ஒரு ஞாயிறைக்கூட விட மனசு வராது. வேம்பு இலையெல்லாம் கொட்டிவிட்டுச் செம்பு நிறத்தில் துளிர்விடுகிறது, புங்கன் பளபளக்கிறது, முருங்கை பூத்துத் தரையெல்லாம் வெள்ளையாகக் கிடக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். கிணற்று மேட்டில் பழைய மோட்டார் ரூம் இருக்கிறது. அதில் ஸ்டார்ட்டர் வைத்திருந்த மரப்பெட்டிக்குள் மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு தேனீக் கூட்டம் வந்து அடைந்துவிட்டது. எட்டிப் பார்த்தால் நாலைந்து அடை வரிசையாகத் தொங்குகிறது. அடுக்குத்தேன் என்கிறார் அப்பாரு (தாத்தா), தானாக வந்ததைக் கலைக்கக் கூடாது என்றும் சொல்கிறார். ஆனால் மோட்டார் போட உள்ளே போய்த்தானே ஆக வேண்டும், போன வாரம் அம்மாவை இரண்டு இடத்தில் கொட்டிவிட்டது. பெட்டிக்கு மாற்றி, அறுபதடி தள்ளி வேப்பமரத்து நிழலில் வைக்கலாம் என்று நினைக்கிறேன். எப்படி மாற்றுவது?

இன்னொன்றும் உண்டு, மனசை அதிகம் உறுத்துவது அதுதான். காலை எட்டு மணி ஆனால் இரண்டு மூன்று பச்சைப் பஞ்சுருட்டான் குருவி கிணற்று மேட்டுக் கம்பியில் வந்து உட்கார்ந்துகொண்டு, பறந்து பறந்து தேனீயைப் பிடிக்கிறது. போன ஞாயிறு எடுத்த ஒரு படம்தான் இந்த நாலு வருடத்தில் எனக்குக் கிடைத்த நல்ல படம். ராத்திரி அதைப் பெரிதாக்கிப் பார்த்தேன், அலகில் இருந்த ஈயின் காலில் மஞ்சளாக மகரந்த உருண்டை. அதைப் பார்த்ததிலிருந்து ஒரு மாதிரி இருக்கிறது. சித்தப்பா உண்டிவில்லை எடுக்கச் சொல்கிறார். எனக்கு அதில் விருப்பமே இல்லை. பறவையை விரட்டாமல் ஈயைக் காப்பாற்ற வழி இருந்தால் சொல்லுங்க.

கோபி வாய்க்கால்கரை:

வணக்கமுங்க தம்பி. ஒன்பது வருடமாகப் பெட்டி வைத்திருக்கிறேன், இப்போது 14 பெட்டி ஓடுகிறது. மூன்று வாரம் ஆயிற்று என்றால் இதுதான் மாற்றுவதற்கு நல்ல நேரம். காலில் மகரந்தத்தோடு ஈ உள்ளே போகிறதென்றால் பெரும்பாலும் உள்ளே ராணி முட்டையிடுகிறது, புழு இருக்கிறது, அதற்குத் தீனி போகிறது என்று அர்த்தம். புழு இருக்கும் கூட்டம் லேசில் ஊரை விட்டுப் போகாது.

முதலில் மெயினை அணைத்து ஃப்யூஸைப் பிடுங்கிவிடுங்க, ஸ்டார்ட்டர் பக்கத்தில் கையை விடப்போகிறீர்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் ஆரம்பிப்பது நல்லது. நம்ம நாட்டு ஈக்கு நியூட்டன் பெட்டி (அடை கட்ட உள்ளே மரச்சட்டங்கள் தொங்கும் சின்னத் தேனீப் பெட்டி) போதும். தேங்காய் நாரைப் புகைய வைத்து இரண்டு ஊது, அவ்வளவுதான், அதிகம் புகைத்தால் கூட்டம் மிரண்டுவிடும். அடையை ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாக அறுத்து எடுங்க. புழு அடையைச் சட்டத்துக்குத் தக்கபடி வெட்டி, மேல்பக்கம் மேலாகவே இருக்கும்படி வைத்து வாழை நாரால் கட்டுங்க. நாலைந்து நாளில் ஈயே மெழுகு வைத்து ஒட்டிவிடும், நாரையும் கடித்துத் தள்ளிவிடும். தேன் மட்டும் இருக்கிற அடையைக் கட்டாதீங்க, கனம் தாங்காமல் அறுந்து விழும், எறும்பும் வரும். அதை வீட்டுக் குழந்தைகளுக்குக் கொடுத்துவிடுங்க.

அப்புறம் ராணி. மற்ற ஈயைவிட நீளமாக, கொஞ்சம் கறுத்திருக்கும். அதைப் பெட்டிக்குள் விட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது, வாசலில் சில ஈக்கள் வாலைத் தூக்கி இறக்கையை விசிறும், அந்த வாசத்துக்கு மிச்ச ஈ வரிசையாக உள்ளே நடந்து போகும். நான் முதல்முறை அதைப் பார்த்தபோது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, இப்போதும் அந்த நேரத்தில் யாரோடும் பேச மாட்டேன். வாசலில் ராணித் தடுப்பை (மற்ற ஈ போய்வரும், ராணி மட்டும் வெளியேற முடியாத தடுப்பு) ஒரு நாலு நாள் மாட்டி வையுங்க. ஒன்று கவனம்: அடையில் முட்டையும் புழுவும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மாட்டணும். இன்னும் முட்டையிடாத இளம் ராணியாக இருந்தால் அது வெளியே போய் ஆண் ஈயோடு சேர்ந்து திரும்பணும், தடுப்பு போட்டால் அந்தக் கூட்டமே வீணாகிவிடும்.

அறுபதடி தள்ளி வைப்பதைப் பற்றிச் சொல்லணும். உடனே அங்கே கொண்டு வைத்தால் மறுநாள் வெளியே போன ஈ எல்லாம் பழைய இடத்துக்கே வந்து மோட்டார் ரூமைச் சுற்றும். மூன்று அடிக்குள் நகர்த்து, இல்லையென்றால் மூன்று கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோ என்பார்கள். அதனால் இருட்டியதும் வாசலை அடைத்து, தூரத்தில் இருக்கும் சொந்தக்காரர் தோட்டத்தில் இரண்டு வாரம் வைத்திருந்துவிட்டு, மறுபடி ராத்திரியில் கொண்டுவந்து வேப்பமரத்தடியில் வையுங்க. நாலு கால் தாங்கி, ஒவ்வொரு காலுக்கும் அடியில் தண்ணீர் ஊற்றிய கொட்டாங்குச்சி. வாசல் கிழக்கே பார்க்கணும். ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று உங்கள் பக்கம் எப்படி அடிக்கும் என்று உங்களுக்கே தெரியும், மேற்கே வாசல் வைத்தால் ஈ ஏறி இறங்க முடியாது.

குளத்துப்பறவை:

ஈயைப் பற்றி அண்ணன் சொல்லிவிட்டார், நான் பஞ்சுருட்டான் பக்கம் பேசுகிறேன். கோயம்புத்தூரில் இருக்கிறேன், சிங்காநல்லூர் குளத்துக்கும் சூலூருக்கும்தான் அதிகம் போவேன், குளிர்காலத்தில் திருப்பூர் நஞ்சராயன் குளம். (2024ல் அந்தக் குளத்துக்கு ராம்சர் அங்கீகாரம், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்ற அங்கீகாரம், கிடைத்தது, திருப்பூரில் வேலை பார்க்கும் உங்களுக்குப் பக்கம்தானே. வலசை வாத்துகள் கிளம்பும் காலம் இது, அடுத்த ஞாயிறே போய்விடுங்க.)

தயவுசெய்து உண்டிவில் வேண்டாம். இந்த மாதங்களில்தான் பஞ்சுருட்டான் மண்கரையில் வளை தோண்டிக் குஞ்சு பொரிக்கும். உங்கள் கிணற்று மேட்டிலோ ஓடைக்கரையிலோ கரும்பலகை டஸ்டர் அகலத்துக்குக்கூட இல்லாத சின்ன ஓட்டை தெரிகிறதா பாருங்க. அது தேனீ மட்டும் தின்பதில்லை. குளவி, தும்பி, வண்டு, ஈசல் என்று பறப்பதையெல்லாம் பிடிக்கும். உங்கள் கூட்டத்தில் ஈ ஆயிரக்கணக்கில் இருக்கும், நல்ல ராணி நாள்தோறும் நூற்றுக்கணக்கில் முட்டையிடும். இரண்டு மூன்று பறவை தின்பதைப் பலமான கூட்டம் தாங்கும். கூட்டம் சிறுத்திருக்கும்போதும், இளம் ராணி சேர்க்கைக்குப் பறந்து போகும் நாளிலும்தான் உண்மையான ஆபத்து.

அதோடு, உங்கள் சிக்கலே கம்பிதான் என்று நினைக்கிறேன். திறந்த வெளியில் உயரமாக உட்கார இடம், நேர் கீழே ஈ போகும் பாதை. அதற்கு இதைவிட வசதி கிடைக்காது. பெட்டியை வேப்பமரத்தின் தாழ்ந்த கிளைகளுக்கு உள்ளே தள்ளி வைத்துவிட்டால் ஈ இலைக்கு நடுவில் ஏறி இறங்கும், பறவை அங்கே பாய்ந்து பிடிப்பது சிரமம்.

படத்துக்கு: ஈயைப் பிடித்ததும் அது கம்பிக்கு வந்து, ஈயை இரண்டு பக்கமும் அடித்து, தேய்த்துக் கொடுக்கை எடுத்துவிட்டுத்தான் விழுங்கும். அந்தத் தேய்ப்பு நாலைந்து வினாடி நடக்கும், அதற்குக் காத்திருங்க. ஷட்டர் வேகத்தை 1/2000 வினாடிக்குக் குறையாமல் வையுங்க. கீழிருந்து வானத்தைப் பின்னணியாக வைத்து எடுத்தால் பறவை கறுப்பாகத்தான் வரும். கிணற்று மேட்டு மேல் ஏறி, பறவை கண்ணுக்கு நேராக, முதுகில் வெயில் படும்படி உட்காருங்க. வளை கண்ணில் பட்டால் மட்டும் அந்தப் பக்கம் உட்காராதீங்க, நீங்கள் இருக்கிற வரைக்கும் அது குஞ்சுக்கு இரை கொண்டு போகாது. கொறங்காட்டில் நடக்கும்போது கீழேயும் பாருங்க, ஆட்காட்டிக் குருவி வெறும் தரையில் முட்டையிடும் நேரம், கல்லுக்கும் முட்டைக்கும் வித்தியாசம் தெரியாது.

கிளுவைவேலி:

இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றிங்க. ஓடைக்கரையில் ஓட்டை இருக்கிறது! எலி வளை என்று நினைத்து இத்தனை நாள் தாண்டிப் போயிருக்கிறேன். சித்தப்பாவிடம் காட்டினேன், ஒன்றும் பேசாமல் உண்டிவில்லைக் கொண்டுபோய் வைத்துவிட்டார்.

பெட்டி வாசலில் ஈ வந்து இறங்குவதையும் எடுக்க ஆசை. பக்கத்தில் போய் நிற்கலாமா? பக்கத்து முருங்கைத் தோட்டத்தில் மருந்தும் அடிக்கிறார்கள், அதுவும் பயமாக இருக்கிறது.

அரவக்குறிச்சி முருங்கைக்காடு:

தம்பி, நான் அரவக்குறிச்சிப் பக்கம், வீட்டில் முருங்கைதான். மருந்து விஷயத்தில் பட்டவள் என்பதால் எழுதுகிறேன். மூன்று வருடத்துக்கு முன்னால் பக்கத்துத் தோட்டத்தில் காலை ஒன்பது மணிக்குப் பூவின் மேலேயே அடித்துவிட்டார்கள். மத்தியானம் பெட்டி வாசலில் செத்த ஈயைக் கூட்டி அள்ளினேன், முறத்தில் பாதி. நாலு பெட்டியில் ஒன்றுதான் மிஞ்சியது. சண்டைக்குப் போகவில்லை. அடுத்த பூப்புக்கு முன்னால் ஒரு பாட்டில் தேனோடு அவர் வீட்டுக்குப் போய், உங்க காய்ப்பிடிப்புக்கும் இந்த ஈதான் ஓடுகிறது, பூத்திருக்கும்போது அடிக்க வேண்டாம், அடித்தே ஆகணும் என்றால் வெயில் தாழ்ந்து ஈ அடைந்த பிறகு அடிங்க, முதல் நாள் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க என்று கேட்டேன். இப்போது போன் வருகிறது, வந்ததும் ராத்திரியே வாசலில் வலையைக் கட்டிவிட்டு மறுநாள் மத்தியானம் வரை பெட்டி மேல் ஈரச்சாக்கு போட்டு வைக்கிறேன். நீயும் இப்போதே போய்ப் பேசு, அடித்த பிறகு பேசி என்ன பயன்.

எங்கள் அப்பா காலத்தில் இதைவிடப் பெரிய அடி விழுந்தது. 1991, 92 வாக்கில் தாய் சாக் புரூட் (Thai sacbrood) என்கிற வைரஸ் நோய் தென்னிந்தியா முழுவதும் நாட்டு ஈயை வாரிக்கொண்டு போனது. புழு எல்லாம் தண்ணீர்ப் பை மாதிரி ஆகி அடையிலேயே சாகும். வீட்டில் ஒரு பெட்டி மிச்சமில்லை. காலிப் பெட்டிகள் பொடக்காளியில் (கொல்லைப்புறத்தில்) விறகோடு கிடந்தன. அதனால் எந்தக் கூட்டம் தானாக வந்து அடைந்தாலும் எனக்கு உயிர் வந்த மாதிரி இருக்கும். அடையைக் கட்டும்போது புழு முத்து மாதிரி வெள்ளையாகச் சுருண்டு கிடக்கிறதா என்று பார், நிமிர்ந்து பை மாதிரி இருந்தால் அந்த அடையைக் கட்டாதே.

படம் எடுக்க, வாசலுக்கு நேராக நிற்காதே, அது அதன் பாதை. பக்கவாட்டில் உட்கார்ந்துகொள், வெளுத்த நிறச் சட்டை போடு, சென்ட் வேண்டாம், வாழைப்பழம் தின்றுவிட்டுப் போகாதே, கொட்டும் ஈ விடுகிற எச்சரிக்கை வாசமும் கிட்டத்தட்ட அதுதான். கொட்டினால் கொடுக்கை நகத்தால் உடனே வழித்து எடுத்துவிடு. உடம்பெல்லாம் தடித்து மூச்சு வாங்கினால் வைத்தியம் பார்த்துக்கொண்டு நிற்காமல் நேராக ஆஸ்பத்திரி. அம்மாவுக்குக் கொட்டிய இடத்தில் வீக்கம் மட்டும்தானே?

கோபி வாய்க்கால்கரை:

அக்கா சொன்ன முறம் கணக்கைப் படித்ததும் வயிறு கலங்கிவிட்டது. தம்பி, முடிந்தால் கோவை வேளாண் பல்கலைக்கழகத்துக்கு ஒருநாள் போய் வாங்க, பூச்சியியல் துறையில் தேனீ வளர்ப்புக்கு ஒருநாள் பயிற்சி நடத்துகிறார்கள். சட்டத்தைக் கையில் பிடித்துப் பார்த்துவிட்டால் பாதி பயம் போய்விடும். இந்த வருடம் தேன் எடுக்க அவசரப்படாதீங்க. வேம்பு, புங்கன், அப்புறம் புளி என்று பூ இருக்கிற வரைக்கும் கூட்டம் பெருகட்டும். காற்றுக்காலத்தில் பூ இல்லாதபோது சர்க்கரையும் தண்ணீரும் சமமாகக் கலந்து, பெட்டிக்கு உள்ளேயே, சாயங்காலமாக வையுங்க. வெளியே சிந்தினால் மற்ற கூட்டத்து ஈ கொள்ளையடிக்க வரும்.

கிளுவைவேலி:

அம்மாவுக்கு வீக்கம் மட்டும்தான் அக்கா, இரண்டு நாளில் வடிந்துவிட்டது.

நேற்று சாயங்காலம் மாற்றினோம். ஆறு அடை, அதில் நாலு புழு அடை, புழுவெல்லாம் வெள்ளையாக இருந்தது. மூன்றாவது அடையில் ராணியை அப்பாருதான் முதலில் பார்த்தார், எண்பத்திரண்டு வயதுக் கண்ணுக்கு. இருட்டிய பிறகு பெட்டியை வாசல் அடைத்து வெள்ளகோவில் அத்தை தோட்டத்தில் கொண்டுபோய் வைத்திருக்கிறோம். முருங்கைக்காரர் வீட்டுக்கு நாளைக்குப் போகிறேன், கொண்டுபோகத் தேன் அடை ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன்.

பஞ்சுருட்டான் இன்று காலையிலும் கம்பியில்தான் இருந்தது. தும்பி பிடித்துக்கொண்டிருந்தது. கிணற்று மேட்டில் ஏறி உட்கார்ந்து எடுத்தேன், கண் நன்றாகத் தெளிவாக வந்திருக்கிறது.