மறு: கழுவிய கார், விடாத ஹாண்ட்பிறேக் – என்ன சொல் போடலாம்?

[கொக்குவிலிலிருந்து]

> காரைக் கழுவி ஹாண்ட்பிறேக் இழுத்து நிறுத்தினால், காலையில் லிவரை இறக்கியும் சில்லு விடுவதில்லை. இதை "தரிப்புத்தடை இறுகல்" என்று கார்க் கலைச்சொல் பட்டியலில் சேர்க்கலாமா?

'தரிப்புத்தடை' சரி. தரிப்பிடம் (வண்டி நிறுத்துமிடம்) என்ற சொல் எங்களிடம் ஏற்கெனவே புழங்குகிறது. கையால் இழுப்பது, காலால் மிதிப்பது, பொத்தானை அமத்துவது எல்லாவற்றுக்கும் பொருந்தும், 'கைத்தடை' பொருந்தாது.

'இறுகல்'தான் இடிக்கிறது. கராஜில் இறுகல் என்றால் சூவை, அதாவது சில்லைப் பிடித்து நிறுத்தும் பிறேக் கட்டையை, அளவுக்கு மிஞ்சி இறுக்கி வைத்திருக்கிறது என்றே விளங்கும்; உடனே இடைவெளியைச் சரிசெய்யும் அஜஸ்ரரைத் தளர்த்தப் போவார்கள். இங்கே அஜஸ்ரரில் ஒரு பிழையும் இல்லை. பின்சில்லோடு சுழலும் ட்றம் (பிறேக் உருளை) வார்ப்பிரும்பு. தண்ணீரைப் பீச்சிக் கழுவும்போது ட்றம்மை மூடும் பின்தட்டின் விளிம்பால் ஈரம் உள்ளே போகும். அப்படியே லிவரை இழுத்து நிறுத்தி வைத்தால் ஈர லைனிங் (சூவின் மேலுள்ள உராய்வுப் பட்டை) ட்றம்மோடு அழுந்தியபடி இரவு முழுக்க நிற்கும், உலர வழியில்லை. ட்றம் முகத்தில் எழும்புகிற கறள் (துரு) லைனிங்கின் நுண்துளைகளுக்குள் ஏறிப் பிடிக்கும். காலையில் லிவர் இறங்கும், கேபிளும் தளரும், சில்லு மட்டும் அசையாது. உவர்க்கிணற்றுத் தண்ணீரால் கழுவியிருந்தால் இன்னும் கெதியாகப் பிடிக்கும்.

ஆகவே 'கறளொட்டு'.

[கோயம்புத்தூரிலிருந்து]

ஒட்டு நல்ல சொல். கறள் எங்கள் பக்கம் புரியாது, 'துருவொட்டு' என்றால் புரியும். இங்கே பட்டறையில் "ஜாம் ஆயிடுச்சு" என்பார்கள், எதற்கும் எல்லாவற்றுக்கும். ஒரு சந்தேகம்: கேபிள் சிக்கினாலும் வண்டி நகராதே, அதுவும் இந்தச் சொல்லுக்குள் வருமா?

[கொக்குவிலிலிருந்து]

வராது ஐயா. அது வேறு நோய். கேபிள் உறையின் றபர் மூடி வெடித்திருந்தால் தண்ணீர் உள்ளே தங்கி, உள்கம்பி கறள்பிடித்து உறையோடு உரசும். மெல்ல மெல்ல வருவது. கழுவியது சாட்டு மட்டும். அதற்கு 'வடச்சிக்கு' (வடம் என்றால் கேபிள்) போடுவோம்.

இரண்டையும் பிரித்தறியலாம். முன்சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, பின்பக்கத்தை ஜாக்கியால் உயர்த்தி ஸ்ராண்டில் இருத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகவேண்டாம். லிவரை முழுக்க இறக்கிவிட்டுக் கேபிளைக் கையால் அசைத்துப் பாருங்கள். தொய்வாக இருந்தும் சில்லு சுழலாவிட்டால் கறளொட்டு. விறைப்பாகவே நின்றால் வடச்சிக்கு; கேபிளை மாற்றுவதே ஒழுங்கான வேலை.

கறளொட்டை விடுவிக்கச் சில்லைத் தரையில் வைத்தபடியே முதலாம் கியரில் கிளச்சை மெல்ல விட்டு ஒரு சிறு உந்தல், பிறகு றிவேர்ஸில் ஒன்று. பெரும்பாலும் 'டக்' என்று விடும். எஞ்சினை இரைய வைத்து இழுக்கக் கூடாது: ஒட்டு விடாமல் லைனிங் சூவிலிருந்து பிய்ந்து ட்றம்முக்குள் சிக்கும். விடாவிட்டால் சில்லைக் கழற்றி, ட்றம்மின் தட்டை முகத்தில் போல்ற்றுகளுக்கு இடையே றபர்ச் சுத்தியலால் சுற்றித் தட்டவேண்டும். விளிம்பில் இரும்புச் சுத்தியலால் அடித்தால் வார்ப்பிரும்பு உடையும். பல ஜப்பான் கார்களின் ட்றம்மில் இரண்டு புரித்துளைகள் இருக்கும், எம்8, 1.25 புரிப் போல்ற் (8 மி.மீ. விட்டம், 1.25 மி.மீ. புரி இடைவெளி) இரண்டை மாறி மாறி அரைச் சுற்றாக இறுக்க, ட்றம் தானாக வெளியே வரும். டபிள்யூடி-40 அடிக்கவே கூடாது. எண்ணெய் ஏறிய லைனிங் பிறகு பிடிக்காது. பழைய லைனிங் தூசியில் கல்நார் (அஸ்பெஸ்டஸ்) இருக்கலாம், காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

[திருநெல்வேலியிலிருந்து, யாழ்.]

கழுவியதும் வெயிலில் விட்டால் காயும் என்று நினைப்பார்கள். ட்றம்முக்குள் வெயில் எங்கே போகும்? ஆளில்லாத ஒழுங்கையில் 20–30 கிலோமீற்றர் வேகத்தில் கால் பிறேக்கை மெல்ல மெல்ல அழுத்தி ஓட்ட, சூட்டில் ஈரம் போகும். பின்னால் டிஸ்க் இருந்து, அதன் நடுவில் ஹாண்ட்பிறேக்குக்கெனத் தனிச் சூ உள்ள கார்களில் இது போதாது. கால் பிறேக் அந்தச் சூவைத் தொடுவதே இல்லை. லிவர்ப் பொத்தானை அமத்தியபடி கொஞ்சமாய் இழுத்து, மெதுவாக ஐம்பது அறுபது மீற்றர் ஓட்டவேண்டும். பிறகு லிவரை இறக்கி, முதலாம் கியரில், ஓட்டோ என்றால் 'பி'யில், சில்லுக்குக் கட்டை வைத்து விடலாம். எங்கள் குடாநாட்டுச் சமதரைக்கு அது போதும்.

சொல்லைப் பற்றி: 'கறளொட்டு' தலைச்சொல்லாகவும் 'துருவொட்டு' மாற்றாகவும் இருக்கட்டும். 'பூட்டல்' மட்டும் வேண்டாம். ஓடும் காரில் பிறேக் அழுத்தச் சில்லு சுழலாமல் வழுக்குவதற்கு அது தேவை. சூவுக்கு யாரோ எழுதிய 'தடைச்செருப்பு' கராஜ் வாசலைத் தாண்டாது. 'பிறேக் கட்டை' என்பதற்கு என் வாக்கு.