யாபேஸ் என்ற பெயர்: எபிரெயம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

எல்லாருக்கும் வணக்கம். தங்கச்சி மகனுக்கு யாபேஸ் என்று பெயர் வைக்கலாமா என்று வீட்டில் பேச்சு. பைபிளில் 1 நாளாகமம் 4:9-இல், துக்கத்தோடே பெற்றேன் என்று சொல்லித்தான் தாய் அந்தப் பெயரை வைக்கிறாள். அதைக் கேட்டதுமே அம்மா முகம் சுளித்துவிட்டார்.

எனக்கு இடிப்பது வேறு. வேதனைக்கான எபிரெயச் சொல்லில் அயின், ட்ஸாதே, பேத் என்று எழுத்துகள் வருகின்றன. பெயரிலோ யோத்துக்கு அப்புறம் அயின், பேத், ட்ஸாதே. கடைசி இரண்டும் இடம் மாறியிருக்கின்றன! துக்கம் பலிக்காமல் இருக்க வேண்டுமென்றே மாற்றினார்களா, வெறும் ஒலி விளையாட்டா?

2:55-இல் யாபேஸ் ஊர்ப்பெயராகவும் வருகிறது. எழுத்தர் குடும்பங்கள் குடியிருந்த ஊர். இரண்டுக்கும் தொடர்பு உண்டா? மூலமொழியில் படித்தவர்கள் சொல்லுங்களேன். ஞாயிற்றுக்கிழமை பெயர் சூட்டு.