மறு: ஃப்ளாஷ்பல்ப் மெமரி – தமிழில் என்ன சொல்லலாம்?

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம். திடுக்கிட வைக்கும் செய்தியைக் கேட்ட கணம் படம் பிடித்தாற்போல் மனதில் நிற்பதை உளவியலில் ஃப்ளாஷ்பல்ப் மெமரி என்கிறார்கள். அதற்குத் தமிழ்ப்பெயராக வந்த யோசனை இது:

> 'பசுமரத்தாணி நினைவு' என்று வைத்தால் எல்லோருக்கும் புரியும்.

புரியும்தான் ஐயா, அங்கேதான் இடிக்கிறது. பசுமரத்தாணி என்றதும், பதிந்தது அப்படியே நிற்கும் என்று எடுத்துக்கொள்வார்கள். 1977-இல் உளவியலாளர்கள் ரோஜர் பிரவுனும் ஜேம்ஸ் குலிக்கும் ஃப்ளாஷ்பல்ப் என்ற பெயரைச் சூட்டியபோது அவர்களுக்கும் ஏறக்குறைய அந்த எண்ணம்தான். கென்னடி சுடப்பட்ட செய்தியை எங்கே கேட்டோம், யார் சொன்னார்கள் என்பதைப் பலரும் படம் பிடித்தாற்போல் விவரித்ததால், கேமரா பல்பு பெயருக்குள் வந்துவிட்டது.

அப்புறம் வந்த ஆய்வுகள் அதை ஆட்டம் காண வைத்துவிட்டன. 1986 ஜனவரியில் சாலஞ்சர் விண்ணோடம் வெடித்த மறுநாள் காலை, உல்ரிக் நைசரும் நிக்கோல் ஹார்ஷும் எமரி பல்கலைக்கழக மாணவர்களிடம் செய்தி எப்படித் தெரிந்தது என்று எழுதி வாங்கினார்கள். இரண்டரை ஆண்டு கழித்து 44 பேரிடம் அதையே கேட்டார்கள். 11 பேர் சொன்னதில் முக்கியமான எதுவுமே முதலில் எழுதியதோடு ஒத்துப்போகவில்லை. ஆனால் பலர் அடித்துச் சொன்னார்கள். அவர்களுடைய கையெழுத்தையே எடுத்துக் காட்டியும் பழைய நினைவு திரும்பவில்லை.

நம் ஊருக்கு வருவோம். 1991 மே 21, ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட இரவு. என் பெரியப்பாவைக் கேட்டால், ஏற்காட்டின் ஒண்டிக்கடை சந்திப்பில், டீக்கடை ரேடியோவில் கேட்டதாகச் சொல்வார். கையிலிருந்த கண்ணாடி டம்ளர் சுட்டதுவரை வந்துவிடும். "அன்னைக்கு நீங்க செவ்வாய்ப்பேட்டை வீட்லதானே இருந்தீங்க? விடிஞ்சு பால்காரர் சொல்லித்தானே தெரியும்!" என்பார் பெரியம்மா. இருவருமே விட்டுக்கொடுப்பதில்லை. இருவருக்கும் பொருந்துகிற பெயராக இருக்க வேண்டும்.

மூளையில் நடப்பதிலிருந்து ஒரு வழி கிடைக்கிறது. திடுக்கிடும்போது அட்ரினல் சுரப்பி அட்ரினலினை ரத்தத்தில் விடுகிறது. அது மூளைக்குள் எளிதில் நுழையாது. ஆனால் உடலிலிருந்து மூளைக்குப் போகும் வேகஸ் நரம்பு வழியாகச் சேதி போய், உணர்ச்சியைக் கையாளும் மூளைப்பகுதியான அமிக்டலாவில் நார்அட்ரினலின் என்ற வேதிப்பொருள் கூடுகிறது. (அமிக்டலா என்றால் கிரேக்கத்தில் வாதுமைதான், ஆனாலும் அதை 'வாதுமை' ஆக்க வேண்டாம், இனிப்புக்கடை வாசம் வருகிறது.) அமிக்டலா, நினைவைப் பதிக்கும் பகுதியான ஹிப்போகேம்பஸை முடுக்கிவிட, அந்த நேரத்து நினைவு கூடுதலாக இறுகுகிறது. 1994-இல் லாரி காஹில், ஜேம்ஸ் மெக்கா குழுவினர் சிலருக்கு, அட்ரினலினின் வேலையைத் தடுக்கும் ப்ரோப்ரனோலால் மாத்திரை கொடுத்து, ஒரு சிறுவன் விபத்தில் அடிபடும் கதையைப் படங்களோடு சொன்னார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, மருந்தில்லாத மாத்திரை போட்டவர்களுக்கு விபத்துப் பகுதி தூக்கலாக நினைவிருந்தது. ப்ரோப்ரனோலால் போட்டவர்களுக்கு அந்தத் தூக்கல் இல்லை. பரபரப்பில்லாத கதையில் இரு தரப்புக்கும் வேறுபாடு தெரியவில்லை.

இதிலும் எல்லாம் சமமாகப் பதிவதில்லை. ஏற்காட்டுப் பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்றில், எதிரே லாரி வந்து பஸ் சடன் பிரேக் போட்டால், லாரியின் முகப்பு நினைவில் நிற்கும். பக்கத்து சீட்டில் யார் என்பது நழுவிவிடும்.

ஆகவே 'அதிர்நினைவு' என்று முன்மொழிகிறேன். காரணத்தைச் சொல்கிறது, சரியா தவறா என்று வாக்குக் கொடுக்கவில்லை. வினைத்தொகை என்பதால் 'அதிர்ந்த நினைவு', 'அதிரும் நினைவு' இரண்டுமே உள்ளே இருக்கின்றன.

– அம்மாப்பேட்டையிலிருந்து

---

> காரணத்தைச் சொல்கிறது

சரி, ஆனால் அடையாளத்தைச் சொல்லவில்லையே? 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்கு மறுநாள் டியூக் பல்கலைக்கழகத்தில் டலாரிக்கோவும் ரூபினும் 54 மாணவர்களிடம் தொடங்கிய ஆய்வைப் பாருங்கள். தாக்குதல் செய்தியைக் கேட்ட நினைவும், அதே நாட்களின் சாதாரண நினைவும் ஒரே வேகத்தில்தான் பிசகின. தாக்குதல் நினைவில் மட்டும் தெளிவும் நம்பிக்கையும் குறையவில்லை. எனவே 'தெளிநினைவு' பொருந்தும். இன்னொன்று, அதிர்வு என்றால் பள்ளிப் பிள்ளைக்கு இசைக்கவைதான் ஞாபகம் வரும். பிளஸ் டூ ரிசல்ட் வந்த நாளின் மகிழ்ச்சியை எதில் சேர்ப்பீர்கள்?

– ஏற்காட்டிலிருந்து

---

டியூக் ஆய்வைக் கொண்டுவந்ததற்கு நன்றி அம்மா. நான் எழுதும் பாடத்தில் சேர்த்துவிடுகிறேன். ஆனால் 'தெளிவாகச் சொன்னார்' என்றால் நாம் பாதி நம்பிவிடுகிறோம். போலீஸ் ஸ்டேஷனில் சாட்சி சொல்பவரின் நினைவைத் 'தெளிநினைவு' என்று எழுதினால், வழக்கே முடிந்த மாதிரி ஆகிவிடும்.

ரிசல்ட்டுக்கு 'இன்ப அதிர்ச்சி' என்கிறோமே, அது போதும். நல்லதா கெட்டதா என்பதைவிட, உணர்ச்சி எவ்வளவு வேகமாகத் தாக்கியது என்பதுதான் இங்கே முக்கியம். இசைக்கவையைப் பற்றி எனக்குக் கவலை இல்லை, அதிர்வெண் இயற்பியலிலேயே இருக்கட்டும். இப்படி உணர்ச்சி எழுவதைக் குறிக்கும் 'அரௌசல்' என்ற சொல்லுக்கு மட்டும் 'கிளர்ச்சி' வேண்டாம், செய்தித்தாள் அதை எப்போதோ எடுத்துக்கொண்டது. 'மனக்கிளர்வு' என்று எழுதுகிறேன்.

வேறு மறுப்பு வராவிட்டால் அதிர்நினைவைப் பட்டியலில் ஏற்றிவிடலாம். அடுத்து கன்சாலிடேஷன், அதாவது புதிய நினைவு நிலைபெறுவது. மேலே 'இறுகுகிறது' என்று எழுதியிருக்கிறேன், 'நினைவிறுகல்' சரிவருமா? பாகு காய்ச்சுவது போல இருக்கிறது என்று வீட்டில் ஏற்கெனவே கேலி.

– அம்மாப்பேட்டையிலிருந்து